அந்த ரப்பர் பேண்டை விட்டுவிடுங்கள்: தமிழில் விண்வெளிச் செய்தி எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

2024 மே மாதச் சூரியப் புயலில் லடாக் வானம் சிவந்ததே, அப்போது நீங்கள் எழுதியதைத் தேடித் தேடிப் படித்தேன். சூரிய வெடிப்புகளுக்குக் காரணமான காந்த மறுஇணைப்பு என்ற சொல் வந்தாலே பின்னாடியே ஒரு ரப்பர் பேண்டும் வந்துவிடுகிறது: இழுபட்டது, அறுந்தது, வெடித்தது. காந்தக் கோடு நாம் தாளில் வரைகிற கோடுதான், அறுவதற்கு அங்கே நூல் எதுவும் கிடையாது. பிளாஸ்மாவும் (எலக்ட்ரான்களும் அயனிகளுமாகப் பிரிந்து கிடக்கும் வாயு) காந்தப்புலமும் ஒட்டிக்கொண்டே நகரும். எதிரெதிர்ப் புலங்கள் நெருங்குகிற மெல்லிய படலத்தில் அந்தப் பிடி விட்டுப்போய், புலம் வேறு விதமாக இணைந்து, அதில் இருந்த ஆற்றல் துகள்களுக்குப் போகிறது. இதுதான் மறுஇணைப்பு.

சரி, உவமைச் சண்டை கிடக்கட்டும். வெடிப்பை மட்டுமே எழுதுகிறீர்களே என்பதுதான் என் பெரிய குறை.

டீயைக் கலக்கிவிட்டு ஸ்பூனை எடுத்துப் பாருங்கள். பெரிய சுழி சின்னச் சுழிகளாக உடைந்து, கடைசியில் திரவத்தின் உள்ளுராய்வில் வெப்பமாகி அடங்கிவிடும். சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் பிளாஸ்மாவான சூரியக் காற்றிலும் இதே கொந்தளிப்புதான், ஆனால் அங்கே துகளோடு துகள் மோதுவதே அபூர்வம், சூரியனிலிருந்து கிளம்பிய ஒன்று எதன்மீதும் மோதாமலே பூமிவரை வந்துவிடலாம். உராய்வே இல்லையென்றால் சுழிகளின் ஆற்றல் எங்கே போகிறது?

இதைத் துப்பறியத்தான் நாசாவின் எம்எம்எஸ் (Magnetospheric Multiscale) திட்டம் மாதிரி ஒன்று தேவைப்பட்டது. 2015 மார்ச்சில் ஏவிய நான்கு விண்கலங்கள். நெருங்கிப் பறக்கும்போது நடுவில் ஏழு கிலோமீட்டர்தான். முன்பு ஐரோப்பாவின் கிளஸ்டர் விண்கலங்களுக்கு நான்கு வினாடி பிடித்த எலக்ட்ரான் அளவீட்டை இவை 30 மில்லிவினாடியில் முடிக்கின்றன. 2016 டிசம்பர் 9 அன்று, பூமியின் காந்தக்கோளத்துக்கு (பூமியின் காந்தப்புலம் ஆளுகிற பகுதி) சற்று வெளியே, சூரியக் காற்று வந்து முட்டிக் கொந்தளிக்கிற பகுதியில் இவை ஒரு மறுஇணைப்பைப் பிடித்தன: எலக்ட்ரான்கள் எதிரெதிராகப் பீய்ச்சி அடிக்க, அயனிகள் கண்டுகொள்ளவே இல்லை. கனமான அயனிகள் அசைந்து கொடுக்க முடியாத அளவுக்குப் படலம் சின்னது. சுழிகளின் ஆற்றல் இப்படி எலக்ட்ரான்களுக்குப் போகலாம் என்று காட்டிய இந்த ஆய்வு 2018இல் நேச்சர் இதழில் வந்தது.

ஆற்றல் முழுவதும் இந்த வழியில்தான் கரைகிறது என்று எழுதிவிடாதீர்கள், பிளாஸ்மாவில் எழும் அலைகளுக்கு எவ்வளவு பங்கு என்ற வாதம் இன்னும் ஓடுகிறது. (அந்த வாதமே தனிக் கட்டுரைக்குத் தேறும்.) எம்எம்எஸ் தரவு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அடுத்த புயலுக்குக் காத்திருக்காமல் எழுதுங்கள். படத்துக்கு அலைய வேண்டாம்: எலக்ட்ரான் வேகக் கோடு எகிறி நிற்க, அதற்குக் கீழே அயனிக் கோடு அசையாமல் கிடக்கிற அந்த ஒரு வரைபடம் போதும்.