பாலோ ஆல்டோவில் ஐந்து மாதம்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் சொன்ன அழகெல்லாம் உண்மைதான். அங்கே மகள் வீட்டில் ஐந்து மாதம் இருந்துவிட்டு இப்போதுதான் மன்னார்குடிக்குத் திரும்பியிருக்கிறேன். பல்கலைக்கழகத்தைப் பற்றி அவ்வளவு எழுதியவர், அதை ஒட்டியிருக்கும் பாலோ ஆல்டோ ஊரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அது மனதை உறுத்தியதால்தான் இந்தக் கடிதம்.

நான் கிளை நூலகராக இருந்து ஓய்வுபெற்றவள். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் நூலகம் எங்கே என்றுதான் கேட்பேன். அங்கே குழந்தைகளுக்கென்றே தனிக் கட்டடத்தில் ஒரு நூலகம் இருக்கிறது, 1940-ல் திறந்தது. நான் போன அன்று நாலு வயதுப் பையன் ஒருவன் தரையில் குப்புறப் படுத்துப் படக்கதை பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தைக் கிழித்துவிட்டான். நூலகர் அம்மா வந்து அவன் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கிழிந்த பக்கத்தைச் சேர்த்துவைத்து, "அப்புறம் கரடி என்ன செய்தது?" என்று கேட்டார். தொலைகிற புத்தகத்துக்கு நாம்தானே பதில் சொல்ல வேண்டும் என்று பயந்து, குழந்தைகள் பகுதி பீரோவை நான் பூட்டியே வைத்திருந்த வருஷங்கள் உண்டு. அன்று ராத்திரி அதை நினைத்துத் தூக்கமே வரவில்லை.

பல்கலைக்கழகத்துக்குள்ளும் அப்படித்தான். இரண்டு பக்கமும் பனைமரம் போல வரிசையாக மரங்கள் நிற்கிற சாலையில் நடந்து போனால் வளாகம் வந்துவிடுகிறது. யார், எங்கே போகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பிரெஞ்சுச் சிற்பி ரோடின் செய்த வெண்கலச் சிலைகள் திறந்த வெளியில் நிற்கின்றன, டிக்கெட் கிடையாது. ஸ்டான்ஃபோர்டு தம்பதியின் ஒரே பிள்ளை 1884-ல் இத்தாலியில் டைபாய்டு வந்து 15 வயதில் இறந்துபோனான். அவன் பெயரில் அவர்கள் எழுப்பியது இது, 1891-ல் திறந்தார்கள். அந்த மூவரின் கல்லறையும் வளாகத்திலேயே இருக்கிறது. அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன்.

சரி, ஊருக்கு வருகிறேன். சாதாரணமான ஒரு தனி வீடு 30 லட்சம் டாலருக்கு மேல் போகிறது. வீட்டு வரியிலும் ஒரு விஷயம். 1978-ல் கலிஃபோர்னியா மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த விதிப்படி, வீட்டை வாங்கும்போது இருந்த மதிப்புதான் வரிக்குக் கணக்கு. அது வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. எப்போதோ வாங்கிப் போட்டவருக்கு நிம்மதி. வயதானவர்கள் வரி கட்ட முடியாமல் வீட்டை விற்க வேண்டியதில்லை என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புதிதாக வருகிறவருக்கு, அதிலும் கூலிக்கு வருகிறவருக்கு, அங்கே இடமே இல்லை.

மகள் குடியிருக்கும் அடுக்ககத்தில் மாடிப்படி துடைக்க ஒரு மெக்சிகோ பெண் வருவார். என் வயதுக்கு ஐந்தாறு வருஷம் குறைவாக இருக்கும். எங்கள் இருவருக்கும் இங்கிலீஷ் கொஞ்சம்தான், ஆனாலும் பேச்சு ஓடியது. மலைக்கு அந்தப் பக்கம் ட்ரேசி என்ற ஊரிலிருந்து வருகிறார், 80 கிலோமீட்டர் இருக்கும். காலை நாலு மணிக்கே கிளம்பிவிடுவாராம், கொஞ்சம் தாமதித்தாலும் நெரிசலில் மாட்டிக்கொள்வாராம். நான் கொடுத்த இட்லியை உடனே சாப்பிடமாட்டார். பேரனுக்கு என்று டப்பாவில் போட்டு மூடிக்கொள்வார். அந்தக் குழந்தைகள் நூலகத்தைப் பற்றிச் சொன்னேன். ஆறு வருஷமாக அந்தத் தெரு வழியாகத்தான் போகிறாராம், உள்ளே போனதில்லை.

ட்ரேசிக்குப் போய்வர முடியாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை எல் கமீனோ சாலையில் பார்த்தேன். கட்டிலும் அடுப்பும் வைத்த நீள வேன்கள், ஆர்.வி. என்பார்கள், ஓரமாக வரிசையாக நின்றன. அவற்றில் வேலைக்குப் போகிற குடும்பங்கள் இருந்தன. ஒரு வேனின் பின்னால் சின்ன சைக்கிள் கட்டியிருந்தது, கண்ணாடியில் குழந்தை வரைந்த சூரியன் ஒட்டியிருந்தது. ஒரே இடத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் வண்டியை நிறுத்தக் கூடாது என்று சட்டம். அதனால் மூன்று நாளுக்கு ஒருமுறை வீட்டையே நகர்த்தினார்கள்.

மேற்கே மலையடிவாரத்தில் நகராட்சிக்குச் சொந்தமான பூங்கா ஒன்று, 1,400 ஏக்கர். 1965-ல் திறந்ததிலிருந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் பாலோ ஆல்டோ குடியிருப்பாளர்களையும் அவர்களுடைய விருந்தாளிகளையும் தவிர வேறு யாருக்கும் அனுமதி இல்லை. வழக்குப் போட்ட பிறகுதான், 2020 டிசம்பரில், எல்லோருக்கும் திறந்தார்கள். நிலம் வாங்கும்போது பக்கத்து ஊர்கள் பணம் போடவில்லை, அதனால்தான் அந்த விதி என்கிறார்கள். என்னால் ஏற்க முடியவில்லை. நம் ஊரில் வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி வாங்குகிறோம். அந்த வரியைக் கட்டாத, வீடே இல்லாத மனிதர்தான் காலையில் பேப்பர் படிக்க என் நூலக வாசலில் முதல் ஆளாக நிற்பார். நீங்கள் வரி கட்டினீர்களா என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதும் இல்லை.

குழந்தைகளை அவ்வளவு மரியாதையாக நடத்துகிற அதே ஊர், தன் மாடிப்படியைத் துடைக்கிறவருக்கு ஓர் அறை கொடுக்க முடியாமல் இருக்கிறது. இரண்டையும் என் கண்ணால் பார்த்தேன். ஒன்றை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும்.

உங்கள் கட்டுரையாளர் இன்னொரு முறை எழுதினால் எல் கமீனோ சாலையைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள். ஊருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில்தான் அந்தச் சாலை போகிறது. அங்கே படிக்கப் போகும் நம் பிள்ளைகள் முதல் நாளே அதைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிளை நூலகர்,
மன்னார்குடி.