உளவியல் மாணவருக்குப் பக்கத்தில் ஒரு வழிகாட்டி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உளவியலைப் பாடமாகக் கற்கும் எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள், இறுதி ஆண்டு ஆய்வுக்காக விடுமுறையில் ஊருக்கு வந்து, வினாக்கொத்துகளுடன் வீடு வீடாக அலைவதைச் சில ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். அவர்களில் சிலர் யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் கற்பவர்கள். சிலர் வேலை பார்த்துக்கொண்டே தொலைக்கல்வி வழியாகப் பட்டம் படிப்பவர்கள். மேற்பார்வை செய்யும் விரிவுரையாளர் நெடுந்தொலைவில் இருக்க, ஆய்வின் மிகக் கடினமான பகுதியை, அதாவது ஒரு மனிதருக்கு எதிரே அமர்ந்து அவருடைய மனத்தைப் பற்றிக் கேட்பதை, அவர்கள் தன்னந்தனியாகவே செய்கிறார்கள். இந்தக் குறையைத் திருகோணமலையிலேயே நிவர்த்தி செய்ய முடியும் என்று உறுதியாக நம்புவதால் இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு கொட்டியாரக் குடாக் கரையிலுள்ள ஒரு கிராமத்துக்கு ஒரு மாணவி தரவு சேகரிக்கப் போனபோது, அவர் கேட்டுக்கொண்டதால் நானும் உடன் போனேன். (சம்பந்தப்பட்டவர்களின் அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.) அவர் கையில் இருந்தது, 2001 இல் வெளியாகி இன்று பல நாடுகளில் பயன்படும் பீ.எச்.கியூ.-9 என்னும் மனச்சோர்வு வினாக்கொத்தின் தமிழ் வடிவம். அதில் 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, மொத்தம் 27. கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்தீர்களா என்ற முதற் கேள்வியை மாணவி வாசித்தார். கருவாடு காயவைத்த பாயை உதறிக்கொண்டிருந்த அந்தத் தாய், "ஆர்வத்துக்கு எங்க பிள்ளை நேரம், வேலை கிடக்குத்தானே" என்றார். மாணவி பூச்சியத்தில் வட்டமிட்டார். எல்லாம் முடிந்து கூட்டிப் பார்த்தபோது 4 புள்ளிகள் வந்தன. குறிப்பிடத்தக்க மனச்சோர்வு இல்லை என்றே அதற்குப் பொருள். புறப்படும் வேளையில், "யோசினை ஏதும் இருக்கோ அம்மா?" என்று நான் கேட்டேன். அவர் பாயைக் கீழே வைத்தார். கடலுக்குப் போய்த் திரும்பாத மகனைப் பற்றியும், இரவில் நெஞ்சு அடைப்பது பற்றியும், பெருமூச்சு விட்டு விட்டே பொழுது விடிவது பற்றியும் முக்கால் மணி நேரம் பேசினார்.

திரும்பும்போது பேருந்தில் அந்த மாணவி என்னிடம், "அக்கா, அந்த வட்டத்தை இப்ப மாத்தலாமோ?" என்று கேட்டார். மாற்றக் கூடாது என்றேன். அச்சிட்ட கேள்விக்கு அந்தத் தாய் சொன்ன விடை அதுதான். ஒருவருக்கு மட்டும் கேள்வியை வேறு விதமாகக் கேட்டுப் புள்ளியைத் திருத்தினால், மற்றவர்களின் படிவங்களுடன் அதை ஒப்பிட முடியாமற் போய்விடும். நடந்ததை நடந்தபடி களக்குறிப்பில் எழுத வேண்டும். முதன்மை ஆய்வு தொடங்கும் முன்பே எட்டுப் பத்துப் பேரிடம் ஒவ்வொரு கேள்வியையும் வாசித்துக் காட்டி, "இதை நீங்கள் எப்படி விளங்கிக்கொண்டீர்கள்?" என்று கேட்டிருக்க வேண்டும். தமிழாக்கத்தை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்திருக்க வேண்டும். "யோசினை" என்பது எங்கள் பேச்சில் வெறும் சிந்தனையைக் குறிக்கும் சொல் அல்ல, மனத்தை அரிக்கும் கவலையைக் குறிக்கும் சொல் என்பது எந்த வினாக்கொத்திலும் இல்லை. இவை ஆய்வு முறையியல் பாடப் புத்தகத்தில் ஓரிரு பந்திகளில் இருப்பவைதாம், அவற்றை அந்த மாணவியும் படித்துப் பரீட்சை எழுதித் தேறியவர்தான். ஆனால் அவற்றின் தேவை அவருக்கு உறைத்தது அந்தத் தாய் பாயைக் கீழே வைத்த நொடியில்தான். அந்த நொடியில் பக்கத்தில் ஒருவர் இல்லாமல் இருந்திருந்தால், அந்தப் பூச்சியம் எந்தக் களக்குறிப்பும் இல்லாமல் கணினிக்குள் போயிருக்கும்.

அதே வினாக்கொத்தின் ஒன்பதாவது கேள்வியைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். இறந்துபோவது நல்லது என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்று அது கேட்கிறது. அதற்கு ஒருவர் "ஓம்" என்று சொன்னால், இருபத்திரண்டு வயதுப் பிள்ளை என்ன செய்வது? அடுத்த படிவத்துக்குப் போக முடியுமா? பதறாமல் அவருடன் இருக்க வேண்டும், அந்த எண்ணத்தைப் பற்றித் தெளிவாகவே கேட்க வேண்டும், அவரைத் தனியே விட்டுவிட்டு வரக் கூடாது, 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தையோ வைத்தியசாலையின் உளநலப் பிரிவையோ யார் எப்போது அழைப்பது என்பது வீட்டை விட்டுப் புறப்படும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம் கோவைக்குள் இருப்பதால் மட்டும் இந்தப் பழக்கம் வந்துவிடாது. நான் அந்தத் தாயைப் போல நடித்து, மாணவியைக் கேட்கச் சொல்லிப் பழக்கினேன். முதல் மூன்று தடவையும் அவர் அந்தக் கேள்வியை விரைவாக வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே தாளுக்குத் திரும்பினார். நான்காவது தடவைதான் பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

இதில் நான் இவ்வளவு அக்கறை எடுப்பதற்கு என் சொந்த அனுபவமும் ஒரு காரணம். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்து போன சில மாதங்களில், பட்டப்படிப்பு மாணவியாக இருந்த நான், ஓர் அமைப்பின் சார்பில் நிலாவெளிப் பக்கத்து முகாம்களில் படிவம் நிரப்பினேன். அரை நாள் விளக்கம் தந்தார்கள். ஒரு கட்டுத் தாளைக் கையில் கொடுத்தார்கள். ஒரு நாளில் இத்தனை படிவம் என்று கணக்கும் இருந்தது. பிள்ளையை இழந்த ஒரு தாய், "இதை எழுதி எங்க பிள்ளை கொண்டுபோறீங்கள்? போன கிழமையும் இதே மாதிரித்தான் ஒரு பிள்ளை வந்து கேட்டது" என்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை, ஏனென்றால் எனக்கே தெரியாது. அந்தத் தரவு என்னவானது என்று இன்றுவரை யாரும் எனக்கும் சொல்லவில்லை, அவருக்கும் சொல்லவில்லை. பின்னர் என் இறுதி ஆண்டு ஆய்வுக்கும், மேற்பார்வையாளர் என்று பெயருக்கு ஒருவர் இருந்தாரே தவிர, நான் எடுத்த நேர்காணல் ஒன்றையாவது அவர் கேட்டதில்லை. மாணவரைக் கூலியில்லாத தரவு சேகரிப்பவராக நடத்துவதும், அவரைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவதும் வழிகாட்டல் ஆகா.

நான் கேட்பது எதை என்றால், இறுதி ஆண்டு வரை காத்திருக்காமல், இரண்டாம் ஆண்டிலேயே மாணவர், வழிகாட்டி ஒருவருடைய ஆய்வில் சிறு பொறுப்புடன் சேர்ந்துகொள்ளும் வழக்கத்தை. ஒரு மணி நேர நேர்காணலை எழுத்தில் பெயர்க்க ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். கிண்ணியாத் தமிழும் நகரத்துத் தமிழும் சம்பூர்த் தமிழும் காதில் விழுந்து, எந்த இடத்தில் பேச்சு நின்றது, எந்த இடத்தில் குரல் இறங்கியது என்று குறிக்கப் பழகும்போதே கேட்கும் திறன் பாதி வந்துவிடும். அடுத்து, எழுத்தாக்கிய நேர்காணலை இருவர் தனித்தனியே வாசித்துக் கருப்பொருள் வாரியாகக் குறியிட்டு, பிறகு ஒன்றாக இருந்து ஒப்பிடலாம். இந்த உடன்பாட்டை அளப்பதற்கு ஜேக்கப் கோகன் 1960 இல் முன்வைத்த கப்பா என்னும் அளவீடு இருக்கிறது. ஆயினும் எண்ணைவிடப் பயன் தருவது, எங்கே ஏன் வேறுபட்டோம் என்று வழிகாட்டியும் மாணவரும் வாதாடும் அந்த ஒரு மணி நேரம்.

ஏற்கெனவே வெளியான ஓர் ஆய்வை இங்கே மீளச் செய்து பார்ப்பதும் இளமாணி மாணவருக்கு ஏற்ற பணி. 2015 இல் வெளியான பெரும் முயற்சியொன்றில் 100 உளவியல் ஆய்வுகளை மீளச் செய்தபோது, மூல ஆய்வுகளில் 97 வீதமானவை புள்ளிவிபர முக்கியத்துவம் உள்ள, அதாவது வெறும் தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத, முடிவைக் காட்டியிருக்க, மீளாய்வுகளில் 36 வீதமே அவ்வாறு காட்டின. அதற்கு முன், 2010 இல் ஹென்ரிக் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் எழுதிய கட்டுரை, முன்னணி உளவியல் இதழ்களின் ஆய்வுகளில் பங்கேற்றோரில் 96 வீதமானோர், உலக மக்கள்தொகையில் 12 வீதம் மட்டுமே உள்ள மேற்குலகக் கைத்தொழில் நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று சுட்டிக்காட்டியது. போரையும் கடலையும் கண்டு, மூன்று சமூகங்கள் சேர்ந்து வாழும் திருகோணமலையில் கவனமாகச் செய்யப்படும் ஒரு சிறு ஆய்வுக்கும் அந்த வெற்றிடத்தில் இடம் உண்டு.

இதற்குப் புதிய கட்டடமோ பெரும் நிதியோ தேவையில்லை. வெளியூரில் இருக்கும் மேற்பார்வையாளருடன் சேர்ந்து பொறுப்பேற்க, இம்மாவட்டத்திலேயே இணை வழிகாட்டிகளை நியமிக்கலாம். கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தின் விரிவுரையாளர்கள், உளநலப் பிரிவுகளில் பணியாற்றுவோர், பிரதேச செயலகங்களின் உளவளத்துணை உத்தியோகத்தர்கள், ஓய்வுபெற்ற ஆலோசனை ஆசிரியர்கள் என்று தகுதியுடையோர் இங்கு உள்ளனர். பல்கலைக்கழகங்கள் வழிகாட்டும் நேரத்தை விரிவுரை நேரத்தைப் போலவே பணிச்சுமையில் கணக்கிட வேண்டும். அது இல்லாதவரை, எவ்வளவு நல்ல மனமுள்ள விரிவுரையாளரும் மாணவருடன் கிராமத்துக்குப் போக நேரம் ஒதுக்க மாட்டார். ஆய்வு கட்டுரையாகும்போது, உண்மையில் பங்களித்த மாணவரின் பெயர் ஆசிரியர் வரிசையில் இடம்பெற வேண்டும். தொலைவிலுள்ள கிராமங்களுக்குப் போய்வரும் செலவையாவது கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே இந்த அனுபவத்தைப் பெறுவார்கள். முடிவுகளை எளிய தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, கேள்விக்கு விடையளித்தவர்களிடம் கொண்டுபோய்ச் சொல்லும் கடமையும் மாணவரின் ஆய்வுத் திட்டத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அந்த மாணவியும் நானும் சென்ற மாதம் அப்படி ஒரு பக்கத்துடன் அந்தக் கிராமத்துக்குத் திரும்பிப் போனோம். வரும் விடுமுறையில் இரண்டு மாணவர்களை, சனிக்கிழமை காலைகளில், என்னுடன் வைத்துப் பழக்க நான் தயாராக இருக்கிறேன். இதே போல ஒருவரையாவது ஏற்கக்கூடியவர்கள் இந்த மாவட்டத்தில் இருந்தால், பல்கலைக்கழகங்களின் உளவியல் துறைகள் அவர்களைத் தேடி ஒரு கடிதமாவது எழுத வேண்டும் என்று தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உளவளத்துணையாளர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.