சமோவ மொழி வகுப்பில் நம் பிள்ளைகளும் உட்காரட்டும்

ஆக்லாந்தில் பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோருக்கு,

வணக்கம். அடுத்த ஆண்டுக்கான பாடத் தேர்வுப் படிவம் உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கும். கணிதம், இயற்பியல், வேதியியல் என்று முதலில் நிரப்பிவிட்டு, மிஞ்சிய ஓரிடத்துக்குப் பிரெஞ்சா ஜப்பானிய மொழியா என்று யோசிப்போம். அதே பட்டியலில் இருக்கும், பசிபிக் தீவு நாடான சமோவாவின் மொழியைக் கண் தாண்டிப் போய்விடும். சென்ற ஆண்டு என் கண்ணும் தாண்டிப் போனது. என் மகள் விடவில்லை.

முதல் வாரமே ஒரு பாடத்தோடு வந்தாள். 'தம' என்றால் சிறுவன். 'தமா' என்றால் தந்தை. எழுத்தின் மேல் போடும் ஒரு கோடுதான் வேறுபாடு. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் குறிலையும் நெடிலையும் அலுத்துக்கொண்டே படித்தவள், அங்கே அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு 'ஃபலே' என்று பெயர். குடித்தலைவரான மத்தாயின் வீட்டுக்கோ வேறு சொல், மரியாதைச் சொல். 'வா' என்றால் இருவருக்கு இடையில் உள்ள வெளி. அந்த வெளியைப் பழுதுபடாமல் பேணுவதே நல்ல மனிதரின் கடமை என்கிறார்கள். பெரியவர்களிடம் எப்படிப் பேசவேண்டும் என்று நான் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்ததை, அவள் அந்த ஒரு சொல்லில் புரிந்துகொண்டாள்.

"இதனால் என்ன பயன்?" என்று கேட்பீர்கள். பல்கலைக்கழக நுழைவுத் தகுதிக்கு அங்கீகரிக்கப்பட்ட மூன்று பாடங்களில் தலா 14 கிரெடிட் வேண்டும். சமோவ மொழி அந்தப் பட்டியலில் இருக்கிறது. கணக்கு அவ்வளவுதான், முடிந்தது.

என் கவலை வேறு. 2018 கணக்கெடுப்பில், ஆங்கிலத்துக்கும் மாவோரிக்கும் அடுத்து இந்நாட்டில் அதிகம் பேசப்பட்ட மொழி சமோவ மொழி. அதையே பாடப் படிவத்தில் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகிறோம் என்றால், நியுவே மொழியை நினைத்துப் பாருங்கள். நியுவே தீவில் வாழ்பவர்கள் ஏறத்தாழ 1,600 பேர். நியூசிலாந்தில் இருக்கும் நியுவே மக்களோ 30,000 பேருக்கு மேல். அவர்களில் தம் மொழி பேசத் தெரிந்தவர்கள் சிறுபான்மையினரே. அந்த மொழி பிழைப்பதும் போவதும் இங்கே இருக்கும் வீடுகளையும் வகுப்பறைகளையும் பொறுத்தது. எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் தொங்கா மொழி வகுப்பு, சேர்ந்தவர்கள் போதவில்லை என்று இவ்வாண்டு நின்றுவிட்டது. இன்னும் நான்கைந்து பேர் சேர்ந்திருந்தால் நடந்திருக்குமோ என்று எனக்கு ஆறவே இல்லை.

இந்த வலி நமக்குத் தெரியாததல்ல. 1903 முதல் 1916 வரை தென்னிந்தியாவிலிருந்து ஃபிஜிக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் தமிழர்கள் ஏராளம். 1926இல் சங்கம் வைத்து, பள்ளிகள் கட்டித் தமிழைக் காக்கப் பாடுபட்டார்கள். அப்படியும் இன்று அவர்களுடைய கொள்ளுப்பேரர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது ஃபிஜி இந்தி. அவர்களில் சிலர் இங்கே நம் கோயில்களில் நம் பக்கத்திலேயே நிற்கிறார்கள்.

மொழியோடு வரலாறும் வருகிறது. ஆக்லாந்திலிருந்து சென்ற தலூன் கப்பலில் இருந்தவர்களை, கொள்ளைக் காய்ச்சல் நோயாளிகளோடு 1918 நவம்பரில் சமோவாவில் கரையிறங்க விட்டது, அப்போது அங்கே ஆண்ட நியூசிலாந்து நிர்வாகம். அந்தத் தீவு மக்களில் ஐந்தில் ஒருவர் மடிந்தார். 1970களில் இங்கே நியூசிலாந்தில் காவல்துறையினர் விடியலுக்கு முன் வீட்டுக் கதவைத் தட்டி, விசா முடிந்தவர்களைத் தேடினார்கள். மற்ற நாட்டினரும் அப்படித் தங்கியிருக்க, குறிவைக்கப்பட்டவர்கள் பசிபிக் மக்கள். அரசு அதற்கு மன்னிப்புக் கேட்டது 2021இல்தான். விசாவோடு வந்திறங்கிய நம் பிள்ளைகள் இதைத் தெரியாமல் இங்கே வளரக்கூடாது.

"அந்தப் பிள்ளைகளோடு போட்டியிட முடியுமா?" என்று ஒரு தோழி கேட்டார். போட்டியிட வேண்டாம். அந்த வகுப்பு முதலில் அவர்களுடையது, நாம் விருந்தாளிகள். 1976இல் ஓட்டாராவில் தொடங்கிய பள்ளிகளின் பாலினேசிய விழாவில் இன்று இந்திய நடனங்களுக்கும் மேடை தருகிறார்கள். நம்மை அழைத்தவர்கள் வீட்டுக்கு நாமும் போகவேண்டாமா?

படிவத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் உங்கள் பிள்ளையிடம் ஒருமுறை கேளுங்கள். பட்டியலில் பசிபிக் மொழி எதுவும் இல்லையென்றால், வகுப்பு நடந்தால் எங்கள் பிள்ளை சேரும் என்று பள்ளிக்கு நான்கு வரி எழுதிப்போடுங்கள்.

அன்புடன்,
தென் ஆக்லாந்திலிருந்து ஒரு தாய்