ரெக்கார்டு நோட்டு எழுதத்தானா கம்ப்யூட்டர் சயின்ஸ்?

ஆசிரியருக்கு வணக்கம்.

கவுன்சலிங் நேரம் வந்துவிட்டால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: கம்ப்யூட்டர் சயின்ஸா, ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸா, எதற்கு வேலை கிடைக்கும்? கூடவே, சிலபஸ் பழசாகிவிட்டது என்ற புலம்பல். எனக்கென்னவோ சிலபஸைக் குறை சொல்லத் தோன்றவில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில், அதாவது பாடத்திட்ட விதிகளில், முதல் செமஸ்டரிலேயே பைத்தான் மொழி வருகிறது, அடுத்து சி மொழி, அப்புறம் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டேட்டாபேஸ், ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க்ஸ். எந்த ஊர் கல்லூரியிலும் ஏறக்குறைய இவைதான் அடிப்படைப் பாடங்கள். 'எதுக்குங்க இது' என்று பசங்க அலுத்துக்கொள்ளும் தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் (கம்ப்யூட்டரால் எதைக் கணக்கிட முடியும் என்று சொல்லும் பாடம்) கூட வீண் இல்லை, ஃபார்மில் நீங்கள் போடும் போன் நம்பர் சரியா என்று பார்க்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

கோளாறு லேபில் இருக்கிறது. என் தங்கை இப்போது இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். அவளுடைய ஆப்பரேட்டிங் சிஸ்டம் ரெக்கார்டைப் புரட்டினேன். வலது பக்கம் எய்ம், அல்காரிதம், புரோகிராம், இடது பக்கம் அவுட்புட், எல்லாம் முத்து முத்தான கையெழுத்தில். கடைசியில் 'தஸ் த புரோகிராம் வாஸ் எக்ஸிக்யூடட் சக்சஸ்ஃபுல்லி' என்ற வரி; அதை புரோகிராமை ஓட்டுவதற்கு முன்பே வகுப்பு மொத்தமும் எழுதி முடித்திருக்கிறது! அதில் ஒரு கணக்கு. கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாக முடிக்க வேண்டிய மூன்று வேலைகள், ஒன்றுக்கு 24 மில்லி செகண்ட் தேவை, மற்ற இரண்டுக்கும் ஆளுக்கு 3. பெரியதை முதலில் விட்டால் சராசரி காத்திருப்பு 17 மில்லி செகண்ட், சின்னதை முதலில் விட்டால் வெறும் 3. வரிசையை மாற்றியதற்கே இவ்வளவு வித்தியாசமா என்று ஆச்சரியப்பட வேண்டிய இடம் அது. ஏன் குறைந்தது என்று கேட்டேன், "தெரியலண்ணா, மிஸ் கொடுத்ததை எழுதினோம்" என்றாள். அவள் மக்கு இல்லை. பேப்பரில் கட்டம் போட்டுக் காட்டியதும் கப்பென்று பிடித்துக்கொண்டாள், பெரிய வேலையை கடைசிக்குத் தள்ளிக்கொண்டே போனால் அது பட்டினி கிடக்காதா என்று அவளே திருப்பிக் கேட்டாள்.

பிராக்டிகல் தேர்விலும் இதே கதைதான். சீட்டு எடுக்க வேண்டும், மனப்பாடம் செய்த புரோகிராம் வந்தால் பிழைத்தாய், எர்ரர் வந்தால் அந்த மெசேஜைப் படிக்கக்கூடத் தெரியாமல் விழிக்க வேண்டும். சில லேப்களில் இன்னும் தொண்ணூறுகளில் சி புரோகிராம் எழுதப் பயன்பட்ட டர்போ சி மென்பொருளின் நீலத்திரைதான். லினக்ஸும், சி புரோகிராமை ஓட்ட உதவும் ஜிசிசி கம்பைலரும் இலவசமாகக் கிடைக்கும்போது இதற்கு என்ன சாக்கு இருக்க முடியும்? ஆசிரியர்களையே திட்டவும் மனம் வரவில்லை, அவர்களில் பாதிப் பேர் கல்லூரியைச் சோதிக்க வரும் ஆய்வுக் குழுவுக்கு ஃபைல் தயாரிப்பதிலேயே தேய்ந்துபோகிறார்கள்.

இதைச் சரிசெய்ய ரெகுலேஷன் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2021 ரெகுலேஷன்படி லேப் பாடங்களுக்கு 100க்கு 60 மதிப்பெண் கல்லூரியின் கையிலேயே இருக்கிறது. அதில் ஒரு பாதியை இப்படி வைக்கலாமே: வேண்டுமென்றே இரண்டு தப்பு செருகிய புரோகிராமைக் கொடுத்து, கண்டுபிடி, திருத்து, ஏன் தப்பு என்று வாயால் சொல் என்று கேட்பது. எண்களை வரிசைப்படுத்தும் பபிள் சார்ட் புரோகிராமை சாட்ஜிபிடி ஒரு நொடியில் எழுதித் தந்துவிடும் காலத்தில், அதையே எழுதச் சொல்லி மார்க் போடுவதில் என்ன அர்த்தம்?

கல்லூரி பார்க்கப் போகும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வாசலில் தொங்கும் பிளேஸ்மென்ட் பேனரை விடுங்கள். லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், வகுப்பு முடிந்த பிறகு மாணவர்களை உள்ளே உட்கார விடுவார்களா என்று கேளுங்கள், முடிந்தால் மூன்றாம் வருடப் பையன் ஒருவனிடம் அவன் ரெக்கார்டில் இருக்கும் ஏதாவது ஒரு புரோகிராமை விளக்கச் சொல்லிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு மென்பொருள் ஊழியர்,
கோவை.