நல்ல கிடாவைக் கத்திக்கு அனுப்புகிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அருமனை பக்கம் ரப்பர் தோட்டத்து ஓரத்தில் ஏழெட்டு வெள்ளாடு வளர்க்கிறேன். போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், பிலாக்குழை ஒடித்துப் போட்டு வளர்த்த கிடா ஒன்றை விற்றேன். வாங்க வந்தவர் நடுமுதுகில் நாலு விரலை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "10 கிலோவுக்கு மேல கறி விழாது" என்றார். சரி என்று அந்தக் கணக்குக்கே கொடுத்தேன். அறுத்தபோது 14 கிலோ விழுந்ததாம்.

பணம் போனதைவிட இன்னொன்றுதான் மனதை அறுக்கிறது. அந்த ஈற்றில் நல்ல கிடா அதுதான். மெலிந்து நின்றதால் விலைபோகாத அதன் கூடப்பிறந்ததுதான் இன்று எங்கள் தெரு ஆடுகளுக்கெல்லாம் பொலிகிடா. இங்கே பல வீடுகளில் நடப்பது இதுதான். நன்றாக வளர்வது முதலில் விற்றுப்போகும், மிஞ்சியது இனத்துக்கு நிற்கும். அப்புறம் குட்டி எப்படித் தேறும்?

மாட்டுக்குச் சினை பார்க்கிற அதே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், எந்தக் கிடாவை இனத்துக்கு நிறுத்தலாம் என்று பார்க்கவும் உதவும். 12, 13-ஆவது விலா எலும்புகளுக்கு நடுவே, முதுகெலும்பை ஒட்டி, ரோமத்தை ஒதுக்கி ஜெல் தடவிக் கருவியை வைத்தால் போதும். தோல், கொழுப்பு, தசை ஒவ்வொன்றின் எல்லையிலும் ஒலி எதிரொலித்துத் திரும்பும். முதுகுத் தசை எத்தனை மில்லிமீட்டர் ஆழம் என்பது திரையில் தெரியும். ஆட்டுக்கு வலியும் இல்லை, காயமும் இல்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: வெள்ளாடு கொழுப்பைத் தோலுக்கடியில் வைப்பதைவிட வயிற்றுக்குள்தான் அதிகம் சேர்க்கும். ஆகவே முதுகுக் கொழுப்பைவிடத் தசையின் ஆழத்தையே பார்க்க வேண்டும். கறி பூப்போல வேகுமா என்பதை இந்த ஆழம் சொல்லாது. ஆனால் ஒரே வயதுக் கிடாக்களில் எதற்குச் சதை அதிகம் என்று அறுக்காமலே தெரிந்துவிடும்.

நார்வேயில் இனப்பெருக்கத்துக்கான ஆண் பன்றிகளையும், பிரிட்டனில் செம்மறிக் கிடாக்களையும் சி.டி. ஸ்கேனிலேயே பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவ்வளவு செலவு நமக்குக் கட்டுப்படியாகாது. குமரி மாவட்டத்தில் கால்நடை முகாம் நடக்கும்போது கையடக்க ஸ்கேன் கருவி ஒன்றைக் கொண்டுவந்து, நாலைந்து மாதக் கிடாக்களை அளந்து, எடையோடு சேர்த்து ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தால் போதும். மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் பன்றி வளர்ப்பவர்களுக்கும் இது பயன்படும். கால்நடைத் துறையினர் அடுத்த கிறிஸ்துமஸ் விற்பனை தொடங்கும் முன்பே இதைச் செய்து தர வேண்டும்.

இப்படிக்கு,
ஆடு வளர்க்கும் வாசகர்,
அருமனை, கன்னியாகுமரி மாவட்டம்.