பள்ளத்தை நிரப்பப் பார்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹோம் தியேட்டர் ஒலியைக் கணினி மென்பொருளால் சீர்செய்வது பற்றிய உங்கள் கட்டுரை படித்தேன். மைக்கை எங்கே வைப்பது, எப்படி அளப்பது என்பதெல்லாம் தெளிவாக இருந்தது. ஆனால் எந்த அதிர்வெண்ணில் ஒலி எவ்வளவு என்று காட்டும் கிராஃபில் கோடு நேராகும் வரை ஈக்வலைசரை (அந்தந்த அதிர்வெண்ணின் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் உதவுவதை) திருகச் சொன்னதுதான் இடிக்கிறது.

ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற அளவீட்டு மென்பொருளில் எந்த அறையை அளந்தாலும் சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே கோடு மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். அது பெரும்பாலும் அறை செய்கிற வேலை. 5 மீட்டர் நீள அறையில் 34 ஹெர்ட்ஸ் ஒலி இரு சுவர்களுக்கும் இடையே நிலையலையாக, அதாவது ஓரிடத்தில் எப்போதும் கூடியும் ஓரிடத்தில் எப்போதும் குறைந்தும், நின்றுவிடும். சுவரோரம் உட்கார்ந்தவருக்குக் காதடைக்கும் பேஸ் (தாழ்ந்த அதிர்வெண் ஒலி), நடுவில் உட்கார்ந்தவருக்கு அந்த ஒலியே இல்லை. மேட்டை மென்பொருள் அழகாக வெட்டும். பள்ளத்தில் அதன் ஜம்பம் பலிக்காது. கூட்டுகிற ஒலியும் சுவரில் பட்டுத் திரும்பி அங்கேயே அடிபட்டுப் போகும். 10 டெசிபல் ஏற்றினால் ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு சக்தி தர வேண்டும். பேஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கரான சப்வூஃபர் திணறியதுதான் மிச்சம். நாற்காலியையோ சப்வூஃபரையோ கொஞ்சம் நகர்த்திவிட்டு மறுபடி அளப்பது எவ்வளவோ மேல்.

அப்புறம், விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற ஒலிச் சீரமைப்பு மென்பொருளை வைத்திருப்பவர்கள் பிளேயரில் பாஸ்த்ரூவை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் டால்பி, டிடிஎஸ் ஒலி கணினியில் சுருக்கம் பிரிக்கப்படாமலே, ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவருக்குப் போய்விடும், நாம் போட்ட ஃபில்டர் (ஒலியை வெட்டும், கூட்டும் அமைப்பு) எதுவும் வேலை செய்யாது.

கட்டுரையில் விட்டுப்போன முக்கியமான சங்கதி இன்னொன்று. பலரும் ரிசீவரில் கிராஸ்ஓவரை (பேஸைப் பிரிக்கும் எல்லையை) 80 ஹெர்ட்ஸில் வைத்திருப்பார்கள். அதாவது முன், பின் ஸ்பீக்கர்களுக்கான பேஸையும் பிரித்து சப்வூஃபருக்கு அனுப்புவது ரிசீவர்தான். கணினியிலோ சப்வூஃபர் சேனல் என்பது 5.1 ஒலியில் தாழ்ந்த ஒலிகளுக்கென்று தனியே பதிவான அந்த '.1' தடம் மட்டுமே. அதில் மட்டும் 34 ஹெர்ட்ஸ் மேட்டை வெட்டினால் படத்தின் வெடிச்சத்தம் அடங்கும். பாட்டில் வரும் ஆழமான பேஸ் பழையபடி 'கும்'மென்று இரையும். "சாஃப்ட்வேர் போட்டும் ஒன்றும் மாறவில்லை" என்கிற புலம்பல் பல நேரம் இதனால்தான். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஃபில்டர்களை எல்லாச் சேனலுக்கும் ஒன்றுபோலப் போட வேண்டும், அல்லது பேஸ் பிரிக்கிற வேலையைக் கணினியிடமே விட்டுவிட வேண்டும்.

இரண்டாவது வழிக்கான அமைப்பைப் படத்துடன் ஒரு பக்கம் வெளியிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்