விழுந்ததற்குத் தரை மட்டுமா காரணம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

வயதானவர்கள் வீட்டுக்குள் விழாமல் பார்த்துக்கொள்வது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். குளியலறையில் கைப்பிடி, வழுக்காத மிதியடி, இரவு விளக்கு எல்லாம் சரிதான், கட்டாயம் வேண்டியவைதான். ஆனால் கட்டுரை முழுக்க வீட்டையே சுற்றி வந்தது. அதில் நடமாடுகிற ஆளைப் பற்றி ஒரு பத்திகூட இல்லை. செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் விட்டுப்போனதை எழுதலாம் என்று தோன்றியது.

விழுந்து அடிபட்டு வருகிறவர்களின் வீட்டார் பெரும்பாலும் "கால் வழுக்கிவிட்டது" என்பார்கள். விழுந்தவரிடமே நிதானமாகக் கேட்டால் சிலர் வேறு கதை சொல்வார்கள்: "படுக்கையிலிருந்து எழுந்தேன், கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது, அப்புறம் ஒன்றும் தெரியவில்லை." படுத்திருந்தவர் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்கிவிடும். உடனே ரத்தக்குழாய்கள் சுருங்கி, இதயம் கொஞ்சம் வேகமாகத் துடித்து, மூளைக்குப் போகும் ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும். வயதானால் இந்தச் சுதாரிப்பு மந்தமாகிறது. நின்ற 3 நிமிடங்களுக்குள் ரத்த அழுத்தத்தின் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அது கவனிக்க வேண்டிய கோளாறு.

இது ஏன் கண்ணில் படாமல் போகிறது என்றால், பிபி பார்ப்பது எப்போதும் உட்கார வைத்துத்தான். உட்கார்ந்தால் 140, நின்றால் 110 என்று இருப்பவருக்கும் "பிபி பரவாயில்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஆகவே அடுத்த முறை போகும்போது "நிற்க வைத்தும் ஒரு தடவை பாருங்கள்" என்று தயங்காமல் கேளுங்கள். வீட்டில் கருவி இருந்தால் 5 நிமிடம் படுத்திருந்துவிட்டு ஒரு முறை, எழுந்து நின்று 1 நிமிடத்தில் ஒரு முறை, 3 நிமிடத்தில் ஒரு முறை பார்த்துக் குறித்து வைக்கலாம். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்க வேண்டும்.

அடுத்தது மாத்திரைகள். ரத்த அழுத்தத்துக்கு ஒருவர் எழுதியிருப்பார், புராஸ்டேட்டுக்கு இன்னொருவர், தூக்கத்துக்கு மூன்றாமவர். மூன்றும் சேர்ந்து என்ன செய்கின்றன என்று பார்ப்பவர் யாரும் இல்லை. புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் மருந்துகளில் சில நிற்கும்போது பிபியை இறக்கக்கூடியவை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம், முதியவர்களுக்குக் கூடியவரை தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் ஒன்றை அவ்வப்போது புதுப்பித்து வெளியிடுகிறது. 1991இல் மார்க் பியர்ஸ் என்ற மருத்துவர் தொடங்கியது, 2023இலும் புதுப்பிக்கப்பட்டது. டயஸெபாம், அல்பிரஸோலாம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள் அதில் இருக்கின்றன. சளிக்கும் அரிப்புக்கும் நாமாகவே வாங்கிப் போட்டுக்கொள்ளும் குளோர்ஃபெனிரமினும் இருக்கிறது!

இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அல்பிரஸோலாமைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். வீட்டில் இருக்கிற அத்தனை அட்டைகளையும் ஒரே பையில் போட்டு ஒரே மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். நீர் பிரிவதற்கான மாத்திரையை மாலையில் போடுகிறவர்கள், காலைக்கு மாற்றலாமா என்றும் கேளுங்கள். இருட்டில் எழுந்து நடப்பது அதனாலேயே குறையலாம்.

எழுவதற்கும் ஒரு முறை உண்டு. கட்டில் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, பாதங்களை மேலும் கீழும் சில தடவை அசைத்து, அப்புறம் எதையாவது பிடித்துக்கொண்டு நின்று, தலை தெளிவாக இருந்தால் நடக்கலாம். தொலைபேசி அடித்தால் அடிக்கட்டும், வேண்டியவர்கள் மறுபடி கூப்பிடுவார்கள். சாப்பிட்ட பிறகும் வெந்நீரில் குளித்த பிறகும் பிபி இறங்கும் என்பதால் அந்த நேரங்களில் கூடுதல் கவனம் வேண்டும். இரவில் எழ வேண்டுமே என்று பகல் முழுக்கத் தண்ணீரைக் குறைப்பதும் தலைசுற்றலில் கொண்டுபோய் விடும். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் மருத்துவர் சொன்ன அளவுதான்.

எனக்கு அதிகக் கோபம் வருவது "விழுந்துடுவீங்க, பேசாம உட்காருங்க" என்ற அன்பான அதட்டலைக் கேட்கும்போதுதான். உட்கார உட்காரத் தொடைத் தசை கரையும். தசை கரைந்தால் விழுவது இன்னும் எளிது. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போய்விட்டது. முதியவர்கள் வாரத்தில் 3 நாளாவது உடல் சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. சுவரை ஒட்டிப் போட்ட, கனமான நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவதே நல்ல தொடக்கம். முடியாதவர்கள் முதலில் கையை ஊன்றிச் செய்யட்டும்.

கண்ணாடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பைஃபோகல் போட்டவர்கள் படி இறங்கும்போது குனிந்து பார்ப்பது படிப்பதற்கான கீழ்ப்பகுதி வழியாகத்தான். படியின் விளிம்பு மங்கிவிடும். நடக்கும்போது போடத் தூரப்பார்வைக்கு மட்டுமான கண்ணாடி ஒன்று தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

விழுந்ததை மறைக்கிறவர்கள் நிறைய. சொன்னால் தனியாக வெளியே விட மாட்டார்கள் என்ற பயம். வீட்டில் திட்டாமல் கேட்டால்தான் சொல்வார்கள். குறிப்பாக, ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மண்டைக்குள் மெதுவாகக் கசியும் ரத்தம் நாள்கள், சில சமயம் வாரங்கள் கழித்தும் தலைவலி, குழப்பம், அதிகத் தூக்கம் என்று தலைகாட்டும்.

வரும் இதழ்களில் ஒரு பிசியோதெரபிஸ்டைக் கொண்டு இந்தப் பயிற்சிகளைப் படத்தோடு எழுதச் சொல்ல முடியுமா? எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள், படிக்கப்போவது எங்கள் வயதுக்காரர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்